பதில் வராத கோரிக்கை: பழுதைத் தாங்கும் கோப்பு முறைமைக்குக் கிளையன்ட் நெறிமுறை அமைப்பது

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் வைத்துவிடுகிறேன். பினாங்கின் பாயான் லெப்பாஸ் சோதனைக் கூடத்து இயந்திரங்கள் எழுதும் கோப்புகளைக் காக்க மூன்று சர்வர்களை நிறுத்தியிருக்கிறீர்கள். இரண்டு பினாங்கிலேயே, ஒன்று கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சைபர்ஜெயாவில். மூன்றும் ராஃப்ட் முறையில் (ஒரு தலைமைச் சர்வரைத் தேர்ந்து, அதன் பதிவேட்டை மற்றவை நகலெடுக்கும் முறை) ஒரே பதிவேட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பகுதி நன்றாக ஓடுகிறது. இப்போது கிளையன்ட் (சர்வரிடம் கோப்பு வேலைகளைக் கேட்கும் இயந்திரம்) பக்கத்து நெறிமுறையை எழுதத் தொடங்கும்போது, "தலைமைச் சர்வர் விழுந்தால் கிளையன்ட் அதே கோரிக்கையை அடுத்த சர்வருக்கு மறுபடி அனுப்பட்டும், செஷன், குத்தகை என்பதெல்லாம் எதற்கு?" என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். அது போதுமா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

போதாது. சர்வர்கள் மூன்றும் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும், கிளையன்டுக்கும் அவற்றுக்கும் இடையில் நடந்தது என்ன என்பது அந்தப் பதிவேட்டில் இல்லையென்றால், பழுது தாங்கும் வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி கிளையன்டின் கையில் இருக்கிறது.

நேரம் கடந்தும் பதில் வரவில்லை என்பதிலிருந்து கிளையன்ட் அறிந்துகொள்ளக்கூடியது எதுவுமில்லை. கோரிக்கை போய்ச் சேராமல் இருக்கலாம்; சேர்ந்து, வேலையும் முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம்; அல்லது சர்வர் இன்னும் வேலையைச் செய்துகொண்டே இருக்கலாம். பினாங்குக்கும் சைபர்ஜெயாவுக்கும் இடையே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்வர குறைந்தது 3.5 மில்லிவினாடி ஆகும். அது இயற்கை விதித்த கீழெல்லை. மேலெல்லை என்று ஒன்று கிடையாது. ஆகவே எந்த டைம்அவுட் மதிப்பை (காத்திருக்கும் கால எல்லையை) வைத்தாலும் "தாமதம்", "மரணம்" இரண்டையும் அது பிரித்துச் சொல்லாது.

பல ஆண்டுகளுக்கு முன், இதே தொழிற்பேட்டையில் ஒரு சில்லுத் தொழிற்சாலையின் சேமிப்பகத்தைப் பராமரிக்கும் பணியில் இருந்தேன். அங்கே ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒன்றாகச் சோதிக்கப்படும் சில்லுத் தொகுதிக்கும்) ஒரு கோப்பகம் உருவாக்கப்படும். கோப்பகத்தை உருவாக்குவதில் எந்தச் சோதனை இயந்திரம் வெற்றி பெறுகிறதோ அந்த லாட் அதனுடையது என்பது ஏற்பாடு. ஓர் இரவு முதன்மைச் சர்வர் நின்று, துணைச் சர்வர் பொறுப்பேற்றது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது, எங்கள் திரையில் எல்லா விளக்குகளும் பச்சை. காலையில் ஒரு லாட்டின் முடிவுகள் எங்கேயும் இல்லை. இயந்திரத்தின் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது இரண்டே வரிகள் இருந்தன: "கோப்பகம் உருவாக்கக் கோரிக்கை அனுப்பப்பட்டது", அடுத்து "ஏற்கெனவே உள்ளது, வேறு இயந்திரம் எடுத்துக்கொண்டது, தவிர்க்கப்படுகிறது." அந்த வேறு இயந்திரம் என்பது கிடையாது. விழுந்த சர்வர் கோப்பகத்தை உருவாக்கி, டிஸ்கிலும் எழுதி, பதில் சொல்வதற்கு முன் நின்றுவிட்டது. மறுபடி அனுப்பிய கோரிக்கை தன் முதல் கோரிக்கையையே சந்தித்து, அதை அந்நியன் என்று நினைத்துத் திரும்பிவிட்டது.

இது பொய்யான பிழைச் செய்தி என்ற அளவில் நின்றது. பெயர் மாற்றும் கோரிக்கையில் நிலைமை இன்னும் மோசம். 'அ' என்ற கோப்பை 'ஆ' என்று மாற்றச் சொல்கிறது ஒரு கிளையன்ட். மாற்றம் நடந்து பதில் தொலைகிறது. இதற்கிடையில் இன்னொருவர் 'அ' என்ற பெயரில் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்குகிறார். முதல் கிளையன்ட் மறுபடி அனுப்புகிறது. சர்வர் அதைப் புதுக் கோரிக்கை என்று நம்பி, புதிய 'அ'வை 'ஆ'வின் மேல் வைத்துவிடுகிறது. பழைய உள்ளடக்கம் போயிற்று. யாருக்கும் பிழைச் செய்திகூட வராது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸை வடிவமைத்தபோது சர்வர் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம் என்ற கொள்கையை எடுத்துக்கொண்டது. 1989இல் ஆர்எஃப்சி 1094 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியான இரண்டாம் பதிப்பில் படிப்பதும் எழுதுவதும் "இந்த இடத்திலிருந்து இத்தனை பைட்" என்ற வடிவில் இருப்பதால், அவற்றை ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் பொதுவாக ஒரே விளைவுதான். சர்வர் திடீரென நின்று எழுந்தாலும் கிளையன்ட் தட்டிக்கொண்டே இருந்து வேலையை முடித்துக்கொள்ளும். அது அழகான வடிவமைப்பு. உங்கள் குழு நண்பரின் யோசனையும் அங்கிருந்து வருவதுதான். ஆனால் கோப்பை அழித்தல், பெயர் மாற்றல், கோப்பகம் உருவாக்கல் ஆகியவை அந்தக் கொள்கைக்குள் அடங்கவில்லை. ஆகவே அதே 1989இல் செட் ஜுஸ்ஸாக் விவரித்த முறையில், சர்வர் அண்மையில் அனுப்பிய பதில்களைத் தன் மெமரியில் சிறிது நேரம் வைத்திருந்து, அதே எண்ணுள்ள கோரிக்கை மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பரவியது. நெட்வொர்க் தடுமாறும்போது அது காப்பாற்றும். சர்வரே விழும்போது அந்த மெமரியும் சேர்ந்து போய்விடும். நமக்கு அது தேவைப்படுவதோ அந்தக் கணத்தில்தான்.

நம் ஊர் மளிகைக்கடையில் கடன் எழுதும் 555 புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து 17ஆம் எண் சீட்டோடு பையன் வருகிறான். கடைக்காரர் சாமானைக் கொடுத்துப் புத்தகத்தில் 17 என்று எழுதிக்கொள்கிறார். அதே சீட்டு மறுபடி வந்தால் புத்தகத்தைப் பார்த்து "கொடுத்தாயிற்று" என்பார். அவர் எழுதாமல் மனத்தில் மட்டும் வைத்திருந்து, மாலையில் அவர் தம்பி கல்லாவில் உட்கார்ந்தால் 17ஆம் சீட்டுக்கு இரண்டாம் முறை சாமான் போகும். புத்தகம் கல்லாவிலேயே இருக்க வேண்டும். கொடுப்பதும் எழுதுவதும் ஒரே செயலாக இருக்க வேண்டும். உங்கள் முறைமையில் இதன் பொருள் திட்டவட்டமானது: ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளையன்ட் அடையாளமும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும்; அந்த இரண்டும், கோரிக்கைக்குக் கிடைத்த பதிலும், செயலோடு சேர்ந்தே ராஃப்ட் பதிவேட்டின் வழியாக மூன்று சர்வர்களுக்கும் போக வேண்டும். 2014இல் வெளியான ராஃப்ட் கட்டுரையே கிளையன்ட் வரிசை எண்ணைப் பற்றி இதைச் சொல்லியிருக்கிறது. தலைவர் தேர்தலைப் படித்து முடித்த களைப்பில் பலர் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள்.

எத்தனை பதில்களை வைத்திருப்பது என்ற கேள்வி அடுத்து எழும். இதற்கு 2010இல் வந்த என்எஃப்எஸ் 4.1, அதாவது ஆர்எஃப்சி 5661, கண்ட விடையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். செஷன், அதாவது இருவருக்கும் இடையிலான தொடர் உரையாடல், தொடங்கும்போது கிளையன்டும் சர்வரும் இத்தனை ஸ்லாட்டுகள் (கோரிக்கைக்கான இடங்கள்) என்று பேசி முடிவு செய்கின்றன. ஒரு ஸ்லாட்டில் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைதான் நிலுவையில் இருக்கும். சர்வர் ஸ்லாட்டுக்கு ஒரு பதிலை மட்டும் வைத்திருக்கும். கடைசியாகக் கண்ட வரிசை எண்ணே மறுபடி வந்தால் பழைய பதில். அதைவிட ஒன்று கூடுதலாக வந்தால் புதுக் கோரிக்கை, பழைய பதிலைக் கிளையன்ட் பெற்றுவிட்டது என்பதற்கும் அதுவே சான்று. வேறு எந்த எண் வந்தாலும் பிழை. கடிகாரமும் ஊகமும் இல்லாமல் நினைவின் அளவு வரையறுக்கப்பட்டுவிடுகிறது. ஒரே ஒரு குறை, சர்வர் மீண்டெழுந்த பிறகும் இந்த நினைவு நிலைக்க வேண்டும் என்பதை அந்தத் தரம் விருப்பத் தேர்வாக விட்டுவிட்டது. நீங்கள் அதைக் கட்டாயமாக்குங்கள்.

ஸ்லாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது, அதில் அனுபவசாலிகளும் சிக்குவார்கள். பயனர் பொறுமையிழந்து, நிரலை நிறுத்தக் கண்ட்ரோல்-சி அழுத்துகிறார். கோரிக்கை போய்விட்டது, பதில் வரவில்லை, காத்திருந்த நிரல் இறந்துவிட்டது. அந்த ஸ்லாட்டை என்ன செய்வது? அதே எண்ணில் வேறொரு கோரிக்கையை அனுப்பினால், பழைய கோரிக்கையின் பதில் புதியதற்குக் கிடைத்துவிடும். அடுத்த எண்ணில் அனுப்பினால், பழையது சர்வருக்குப் போய்ச் சேராதிருந்த நிலையில் வரிசை தவறிய பிழை வரும். ஆகவே நிரல் இறந்தாலும் கோரிக்கையின் உரிமை கிளையன்ட் கர்னலிடமே (அதன் இயக்க முறைமையின் மையப் பகுதியிடமே) இருக்க வேண்டும். பதில் தெரியும்வரை அந்த ஸ்லாட்டை வேறு எதற்கும் தரக் கூடாது.

எழுதப்படும் தரவைப் பற்றி இன்னும் கவனமாகப் பேச வேண்டும். என்எஃப்எஸ் இரண்டாம் பதிப்பில் சர்வர் தரவை நிலையான சேமிப்பில் வைத்த பிறகே பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. பத்திரமானது, மிக மெதுவானது. 1995இல் ஆர்எஃப்சி 1813 ஆக வந்த மூன்றாம் பதிப்பு, "வாங்கிக்கொண்டேன், இன்னும் டிஸ்கில் இல்லை" என்று சர்வர் சொல்ல இடம் தந்து, பின்னர் கமிட் என்ற கோரிக்கையால் மொத்தமாக உறுதிப்படுத்தச் செய்தது. எழுதும் பதிலிலும் கமிட் பதிலிலும் எட்டு பைட் சரிபார்ப்பு எண் ஒன்று வரும். உறுதியாகாத தரவு தொலையக்கூடிய ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் அது மாற வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கிளையன்ட் தன் கையிலுள்ள பிரதியை விடலாம். மாறியிருந்தால் அத்தனையையும் மறுபடி அனுப்ப வேண்டும். எட்டு பைட்டில் இவ்வளவு பெரிய பொறுப்பை வைத்த இந்த ஏற்பாட்டை நான் இன்றும் வியப்போடுதான் படிக்கிறேன். உங்கள் மூன்று சர்வர்களில் உறுதியாகாத தரவு தலைமைச் சர்வரின் மெமரியில் மட்டும் இருக்குமானால், தலைமை மாறும் ஒவ்வொரு முறையும் இந்த எண் மாற வேண்டும். சர்வர் தொடங்கிய நேரத்தை வினாடிக் கணக்கில் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மின்சாரம் போய்வரும்போது இரண்டு சர்வர்கள் ஒரே வினாடியில் எழும். ஒவ்வொரு தலைவர் தேர்தலிலும் கூடும் ராஃப்ட்டின் தலைமுறை எண்ணையும் சர்வர் அடையாளத்தையும் சேர்த்தால் மோதல் வராது.

கமிட் தோற்றால் அதைப் பயன்பாட்டு நிரலிடம் எப்படிச் சொல்வது என்பதும் நெறிமுறையின் பகுதிதான். லினக்ஸில் டிஸ்குக்கு எழுதுவது தோற்ற பிறகு கர்னல் அந்த மெமரிப் பக்கங்களைச் சுத்தமானவை என்று குறித்துவிடுவதால், இரண்டாம் முறை அழைக்கும் எஃப்சிங்க் (தரவை டிஸ்கில் உறுதிசெய்யக் கேட்கும் அழைப்பு) வெற்றி என்று சொல்லிவிடக்கூடும் என்பதை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவினர் 2018இல் கண்டு அதிர்ந்தார்கள். உங்கள் கிளையன்டில் ஒரு கோப்பின் தரவு தொலைந்தது உறுதியானால், அந்தத் திறந்த கோப்பு மூடப்படும்வரை எல்லா எஃப்சிங்க்கும் தோற்கட்டும். அதுபோலவே, நேரம் கடந்தால் பிழை கொடுத்து விலகும் சாஃப்ட் மவுன்ட் முறையை இயல்புநிலையாக வைக்காதீர்கள். லினக்ஸில் டிசிபி வழி என்எஃப்எஸ்ஸுக்கு இயல்பான டைம்அவுட் 600, அதாவது பத்திலொரு வினாடிக் கணக்கில் 60 வினாடி. எழுதுவதன் பிழையைச் சோதிக்காத நிரல்கள் ஏராளம் இருக்கும் சோதனைக் கூடத்தில், பாதி எழுதிய கோப்பு முழுக் கோப்பாகக் கருதப்பட்டுவிடும். காத்திருக்கச் செய்யுங்கள், காத்திருக்கும் நிரலைக் கொல்ல மட்டும் வழி வையுங்கள்.

இனி குத்தகை. கிளையன்ட் ஒரு கோப்பைத் தன் கேஷில் (தற்காலிகப் பிரதியாக) வைத்திருக்கவோ பூட்டவோ குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமை தருவது, கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் 1989இல் முன்வைத்த யோசனை. பூட்டு வைத்திருந்த கிளையன்ட் செத்துப்போனால் உலகம் நின்றுவிடாமல் இருக்க இதைவிட நல்ல வழி இன்னும் கிடைக்கவில்லை. குத்தகையைப் புதுப்பிக்கும்போது, கோரிக்கையை அனுப்பிய கணத்திலிருந்து கிளையன்ட் காலத்தை எண்ண வேண்டும், பதில் கிடைத்த கணத்திலிருந்து அல்ல. சர்வர் இடையில் எப்போது எண்ணத் தொடங்கியது என்பது கிளையன்டுக்குத் தெரியாது. எந்தக் கடிகாரத்தால் எண்ணுவது என்பதும் முக்கியம். லினக்ஸில் மோனோடோனிக் கடிகாரம் கணினி உறங்கும்போது நின்றுவிடும். பூட்டைம் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பொறியாளர் பாயான் லெப்பாஸில் லேப்டாப்பை மூடிவிட்டு, பாலம் தாண்டிப் பட்டர்வொர்த் வீட்டுக்குப் போய்த் திறக்கிறார். 40 நிமிடம் கழிந்துவிட்டது, ஆனால் மோனோடோனிக் கடிகாரத்தை நம்பிய கிளையன்ட் தன் குத்தகை இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்து, பழைய கேஷிலிருந்து எழுதத் தொடங்கும்.

சரியான கடிகாரத்தை எடுத்துக்கொண்டாலும், நேரத்தைப் பார்த்துவிட்டு எழுதும் கோரிக்கையை அனுப்புவதற்கு இடைப்பட்ட கணத்தில் கணினி உறைந்துபோகலாம். எனவே குத்தகை கிளையன்டுக்கு வழிகாட்டி மட்டுமே. காவல் சர்வரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு எழுதும் கோரிக்கையிலும் குத்தகையின் தலைமுறை எண்ணைச் சேர்த்து, பழைய எண்ணோடு வருவதைச் சர்வர் மறுக்கட்டும். மறுக்கப்பட்ட கிளையன்ட் தன் கேஷில் உள்ளதை அமைதியாகப் புது எண்ணோடு மறுபடி அனுப்பக் கூடாது. அந்தத் தரவுக்கு உரியவரிடம் பிழையாகச் சொல்ல வேண்டும். வெளியேற்றப்பட்டதைக் கிளையன்ட் அறிந்துகொள்ளவும் ஒப்புக்கொள்ளவும் உள்ள வழி நீங்கள் அனுப்பிய நெறிமுறை வரைவில் இல்லை. நான் பார்த்தவற்றில் அதுதான் மிகப் பெரிய ஓட்டை.

தலைமை மாறும்போது குத்தகைகளுக்கு என்ன ஆகும்? லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரில் இயல்பான குத்தகை 90 வினாடி. சர்வர் எழுந்த பிறகு பழைய பூட்டுகளைக் கிளையன்டுகள் மீட்டுக்கொள்ளத் தரும் சலுகைக் காலமும் 90 வினாடி. அந்த நேரத்தில் புதுப் பூட்டு யாருக்கும் கிடைக்காது. உங்களிடம் பூட்டுகளும் திறந்த கோப்புகளும் பதிவேட்டிலேயே இருப்பதால் மீட்கும் சடங்கு தேவையில்லை. ஆனால் பழைய தலைவர் கடைசியாக எந்தக் குத்தகையை எப்போது புதுப்பித்தார் என்பது புதிய தலைவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாக் குத்தகைகளையும் முழுக் காலத்துக்குப் புதிதாக எண்ண வேண்டும். கூகுளின் சப்பி பூட்டுச் சேவை பற்றிய 2006ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதே நடைமுறையைக் காணலாம். அங்கே குத்தகை 12 வினாடி, அது தீர்ந்த பின்னும் கிளையன்ட் தன் கேஷை முடக்கிவிட்டு 45 வினாடி காத்திருந்து புதிய தலைவரைத் தேடும். உங்கள் கிளையன்டுக்கும் "ஐயம்" என்று ஒரு நிலை வேண்டும்: உரிமை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த இடைவெளியில் கேஷிலிருந்து எதையும் கொடுக்காமல் நிற்கும் நிலை.

குத்தகை பறிக்கப்பட்டதும் பதிவேட்டில் ஏற வேண்டும். என்எஃப்எஸ் நான்காம் பதிப்பை விவரித்த ஆர்எஃப்சி 3530 இதற்கான காரணத்தை ஓர் உதாரணத்தால் காட்டுகிறது. முதல் கிளையன்ட் பூட்டோடு இருக்கும்போது நெட்வொர்க் அறுகிறது, குத்தகை தீர்கிறது, இரண்டாம் கிளையன்ட் பூட்டை வாங்கி, கோப்பை மாற்றி, விடுவித்துவிடுகிறது, பிறகு சர்வர் மறுதொடக்கம் ஆகிறது, அதன்பின் முதல் கிளையன்டின் இணைப்பு திரும்புகிறது. அது "சர்வர் விழுந்து எழுந்தது, என் பூட்டை மீட்கிறேன்" என்று கேட்க, பறித்ததை மறந்துவிட்ட சர்வர் கொடுத்துவிடும். இடையில் கோப்பு மாறியது முதல் கிளையன்டுக்குத் தெரியவே தெரியாது.

கிளையன்டின் அடையாளத்தைக் கணினியின் பெயரிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். சோதனைக் கூடங்களில் ஒரே டிஸ்க் பிரதியிலிருந்து பல கணினிகளை நகலெடுப்பது வழக்கம். இரண்டு கணினிகள் ஒரே பெயரோடு எழுந்தால், ஒன்று வரும்போதெல்லாம் சர்வர் மற்றதன் குத்தகையை ரத்து செய்துகொண்டிருக்கும். நிறுவும்போது உருவாக்கிய தற்செயல் எண் ஒன்றும், ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறும் எண் ஒன்றும் சேர்ந்ததே அடையாளம்.

படிக்கும் கோரிக்கைகளுக்கும் ஒரு சொல். பதவி போனது தெரியாத பழைய தலைவர் பழைய தரவைப் பதிலாகக் கொடுக்கலாம். தான் கண்டவற்றில் மிக உயர்ந்த பதிவேட்டு எண்ணைக் கிளையன்ட் ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பினால், அந்த இடத்தை எட்டாத சர்வர் பதில் சொல்லாமல் நிற்கும். கிளையன்ட் தான் ஏற்கெனவே பார்த்ததற்கு முந்தைய காலத்துக்குப் போய்விடாது. இன்னொரு கிளையன்ட் எழுதியதை உடனே காண வேண்டுமானால் இது போதாது. அதற்குத் தலைவர் தன் பதவியைப் பெரும்பான்மையிடம் உறுதி செய்துகொண்டே பதிலளிக்க வேண்டும்.

மற்றவை எளியவை. கோப்பின் கைப்பிடி, அதாவது கோப்பைச் சுட்டச் சர்வர் தரும் அடையாளம், மூன்று சர்வர்களிலும் ஒரே பைட்டுகளாக இருக்க வேண்டும். உள்ளூர் டிஸ்கின் எண்ணை அதில் கலந்தால் தலைமை மாறியவுடன் எல்லாத் திறந்த கோப்புகளும் செல்லாதவையாகும். லினக்ஸில் டிசிபி கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு உள்ளதா என்று பார்க்கும் சோதனை) இயல்பாக 7200 வினாடி கழித்தே விழிக்கும், ஆகவே உங்கள் சொந்த உயிர்த்துடிப்பை வையுங்கள். இடி மின்னலில் மின்சாரம் போய்த் திரும்பும்போது எல்லா இயந்திரங்களும் ஒரே கணத்தில் வந்து மோதாதபடி, மறுமுயற்சியின் இடைவெளியைத் தற்செயலாகச் சிதறவிடுங்கள்.

சோதிப்பதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கேபிளைப் பிடுங்கும் சோதனை நல்லதுதான், ஆனால் அது எந்தக் கணத்தில் அறுக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. தலைமைச் சர்வரின் நிரலில், பதிவேட்டில் ஏற்றம் உறுதியான பிறகு, பதில் அனுப்புவதற்கு முன், நின்றுவிடும்படி ஒரு புள்ளியை வையுங்கள். கோப்பகம் உருவாக்கல், அழித்தல், பெயர் மாற்றல், பூட்டு ஒவ்வொன்றையும் அந்தப் புள்ளியில் நிறுத்திப் பாருங்கள். பெயர் மாற்றும் சோதனையில், சர்வர் நின்றதும் இரண்டாம் கிளையன்ட் ஒன்று 'அ' என்ற பெயரில் புதுக் கோப்பை எழுதட்டும். பிறகு முதல் கிளையன்ட் மறுபடி அனுப்பட்டும். அதற்கு வெற்றி என்ற பதில் கிடைத்து, 'ஆ'வில் முதல் கோப்பின் உள்ளடக்கம் மாறாமல் இருந்து, புதிய 'அ'வும் தன் இடத்திலேயே இருந்தால் அந்தச் சோதனை தேறியது.